ஏற்றும்போது வராத பலம்

மாமனாரிடம் ஒரு லாரியும், கொஞ்சம் கயிறும், ஒரு கொள்கையும் இருந்தன. லாரி அடிக்கடி நின்றுபோகும். கயிறு அடிக்கடி அறுந்துபோகும். கொள்கை மட்டும் ஒருநாளும் அசைந்தது கிடையாது. "கனமானது முதல்ல" என்பதுதான் அது.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஒரு மாடியிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, இன்னொரு மாடியில் கொண்டுபோய் வைப்பது அவர் தொழில். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் முதலில் வந்து லாரியின் உள்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பிறகு கட்டில், மேசை. கடைசியில் கதவோரமாகத் தலையணையும் விளக்குக் குடையும். இந்த வரிசையை மாற்றினால் முதல் திருப்பத்திலேயே பீரோ போய்த் தலையணைமேல் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் வாதம். அதில் குற்றம் கண்டுபிடித்தவர் இதுவரை யாரும் இல்லை. குற்றமெல்லாம் அவருடைய மருமகனிடம்தான் இருந்தது.

மருமகனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். லாரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது எங்கேயோ படிக்கட்டில் விழுந்துவிட்டது. காலையில் பீரோவின் ஒரு முனையைப் பிடிப்பான். ஆள் பார்ப்பதற்கு வாட்டசாட்டம்தான், தோளில் ஒரு குடும்பத்தையே உட்கார வைக்கலாம். முதல் திருப்பம் வருவதற்குள் "மச்சான், வை, வை" என்று முனகுவான். கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து, சிமெண்டு ஊற்றி இறுகிப்போனவைபோல் கிடக்கும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் அவன் கையில் இரண்டு தலையணைகளைக் கொடுத்தார்கள். 'தலையணை' என்ற புதுப் பெயரும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

இதோடு நின்றிருந்தால், 'பாவம், நோஞ்சான்' என்று மன்னித்துவிட்டிருப்பார்கள். கெடுதல் என்னவென்றால், புது வீட்டில் இறக்கும்போது அவன் வேறு ஆளாகிவிடுவான். லாரிக் கதவைத் திறந்தால் கடைசியில் ஏற்றியதுதான் முதலில் கைக்கு வரும். புது வீட்டுக்காரர் கொடுக்கிற டீயைச் சர்க்கரை தூக்கலாகக் குடித்துவிட்டுத் தலையணைகளோடு தொடங்குவான். கொஞ்ச நேரம் படியில் தயங்கி நிற்பான். அப்புறம் எங்கிருந்தோ ஒரு மூச்சு வரும். நாற்காலி, மேசை, கட்டில் சட்டம் என்று ஒவ்வொன்றாக மேலே போய்க்கொண்டே இருக்கும். மற்றவர்கள் நாக்குத் தள்ளிப்போய்ப் படியில் உட்கார்ந்திருக்கும்போது, இவன் வந்து "அடுத்தது எது?" என்பான்.

"உங்க ஆளுங்கள்ல இவர்தாங்க உருப்படியான வேலைக்காரர்" என்று புது வீட்டுக்காரர் மாமனாரிடமே சொல்லுவார். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். அவனோடு பீரோ தூக்கும் நெட்டையன், "டீ குடுத்தாத்தான் ஐயாவுக்கு வண்டி ஓடும்" என்றான். மனைவி, "அப்பா கண்ணு முன்னாடி வேலை செய்யக் கூடாதுன்னு ஒரு பிடிவாதம்" என்றாள். மாமனார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "கொழுப்பு."

மருமகனுக்கென்று தனியாக விளக்கம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓடும்போது கால் கல்லாகிவிட்டது என்று விளையாட்டு வாத்தியாரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவர் அதைக் குணப்படுத்த இன்னொரு சுற்று ஓடச் சொன்னார். அதோடு சொல்வதை விட்டுவிட்டான். இத்தனை பேர் இத்தனை வருஷமாகச் சோம்பேறி என்று சொல்லும்போது, தான் ஒருவன் மட்டும் இல்லை என்பது அதிகப்பிரசங்கித்தனமாக அவனுக்கே பட்டது.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தையற்காரரின் பீரோ வந்தது.

ஓய்வுபெற்ற தையற்காரர். மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழுப்பேறிப்போயிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்த மாமனார், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீரோவைப் பற்றிப் பேசினார். அந்தக் காலத்து இரும்பு. உள்ளே வாழ்நாள் முழுக்க வெட்டிய துணியின் மிச்சம். சாவி தொலைந்துவிட்டதால் காலி செய்யவும் வழியில்லை.

"நாளைக்கு அந்த பீரோ, மாப்ள. நீயும் நெட்டையனும். லாரி வரைக்கும் நடுவுல எங்கேயும் கீழ வைக்கக் கூடாது."

"மாமா, அது..."

"வச்சீன்னா நாளன்னைலருந்து லாரிப் பக்கம் வராத. இந்த வீட்டுப் பக்கமும் யோசிச்சுட்டு வா. என் பொண்ணும் பேத்தியும் இங்க இருப்பாங்க. நீ எங்க இருக்கிறதுன்னு நீயே பாத்துக்க. தூங்குறதுக்குத் தலையணை வேணா நான் தர்றேன்."

நகைச்சுவைக்காகச் சொன்னதாக நினைத்து மாமனார் தாமே சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் அவனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரே ஒரு நாள்தாங்க. அப்பா முன்னாடி ஒழுங்கா தூக்கிக் காட்டிடுங்க. அப்புறம் எப்படி வேணா இருந்துக்கங்க."

"தூக்குறேன்."

"வைக்க மாட்டீங்களே?"

"வைக்க மாட்டேன்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அந்த வீட்டில் கொடுத்த ஒரே வாக்கு அதுதான். அதனால் கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றிவிட்டான்.

மறுநாள் காலை பீரோவின் மேல்முனையை நெட்டையனும் கீழ்முனையை மருமகனும் பிடித்தார்கள். மாமனார் லாரியடியில் நின்று, மூன்று மாடிக்கும் கேட்கும்படி உற்சாகம் ஊட்டினார். "சாப்பிட்டதெல்லாம் எங்கடா போச்சு?" "உடம்பா அது, கோணி மூட்டையா?" இன்னும் சில இருந்தன. அவற்றைக் கேட்டு இரண்டாவது மாடிக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

முதல் திருப்பத்தில் வழக்கம்போல முன்னங்கை இறுகியது. மருமகன் வைக்கவில்லை. இரண்டாவது திருப்பத்தில் தோளிலிருந்து விரல்நுனிவரை வலி ஒரே கம்பியாக நின்றது. அப்போதும் வைக்கவில்லை. பல்லைக் கடித்தான். மாமனாருக்குப் பேத்தியான தன் மகளின் முகத்தை நினைத்துக்கொண்டான். மாமனாரின் முகமும் கூடவே வந்தது. விரட்டினால் போகவில்லை. கடைசிப் படியைத் தாண்டி, வெயிலில் நடந்து, பீரோவை லாரியின் தளத்தில் சாய்த்தார்கள்.

"வச்சாச்சுடா. விடு" என்றான் நெட்டையன்.

"விட முடியல."

"என்னது?"

"கை விட மாட்டேங்குது, மச்சான்."

பத்து விரலும் பீரோவின் காலைப் பிடித்தபடி பூட்டிக்கொண்டுவிட்டன. நெட்டையன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். ஒன்றைப் பிரிப்பதற்குள் முந்தியது மூடிக்கொண்டது. ஓட்டுநர் வந்து இழுத்துப் பார்த்தார். தையற்காரர் மேலேயிருந்து பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, கையோடு வந்துவிட்டது. பின்னால் வேறு வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. கடைசியில் வேறு வழியில்லாமல் பீரோவையும் மருமகனையும் ஒரே சாமானாக உள்ளே தள்ளி, உள்சுவரோடு நிறுத்தி, கயிறு கட்டினார்கள். லாரியின் சரித்திரத்தில் கனமானவற்றோடு அவன் முதலில் ஏறியது அன்றைக்குத்தான்.

மாமனார் குனிந்து பார்த்தார். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

"கீழ வைக்கல. அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

புது வீடு வருவதற்குள் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. மருமகன் இறங்கி நேராகக் குளியலறைக்குப் போனான். வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. தையற்காரர் நீட்டிய பால் சேர்க்காத டீயைப் பார்த்தவன் அதை வாங்கவில்லை.

"மச்சான், எனக்கு ஒண்ணுக்கு இதே நிறத்துல போகுது."

நெட்டையன் தன் கையிலிருந்த டீயைப் பார்த்தான். அவனும் அதைக் கீழே வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். தசை உடைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். மனைவி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். "தூக்கிக் காட்டச் சொன்னேன். செத்துக் காட்டவா சொன்னேன்?" என்று திட்டிவிட்டு அழுதாள். மாமனார் வாசலில் நின்றபடி, வார்டில் கட்டில்களைப் போட்டிருக்கும் வரிசையே தப்பு என்று நர்ஸிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பயந்தால் அவர் அப்படித்தான், சாமான்களைப் பற்றிப் பேசுவார்.

பிழைத்துக்கொண்டான். சிறுநீர் தெளிந்த பிறகு ஒரு டாக்டரம்மா வந்தார். கட்டையான உருவம், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, யாருக்கும் அவசரப்படாத குரல். அவன் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அமுக்குவதற்கு முன்னால் ஒருமுறை, பின்னால் சிலமுறை ரத்தம் எடுத்தார். பந்து அமுக்குவதற்கெல்லாம் பரீட்சையா என்று மாமனார் முணுமுணுத்தார். அதிலும் மருமகன் சீக்கிரமே களைத்துப்போனதைப் பார்த்து, "நான் சொல்லல?" என்பதுபோல மகளை ஒரு பார்வை பார்த்தார்.

சில நாள் கழித்து முடிவுகளோடு டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்தார்.

"சாதாரணமா தசையை இறுக்கிப் பிடிச்சு வேலை செஞ்சா, அதுலருந்து ஒரு அமிலம் ரத்தத்துக்கு வரும். இவருக்கு அது வரவே இல்ல."

"எப்படி வரும், வேலை செஞ்சாத்தான" என்றார் மாமனார்.

"வேலை செஞ்சாரு, ஐயா. நான் பக்கத்துலயே இருந்தேன்." டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "நம்ம ஒவ்வொரு தசைக்குள்ளயும் கிளைகோஜன்னு சர்க்கரையைக் கோத்துக் கோத்துக் கொத்துக்கொத்தா சேமிச்சு வச்சிருக்கோம். திடீர்னு கனமா ஒண்ணைத் தூக்கினா, அந்த நிமிஷத்துக்கு வேண்டிய சக்தி பெரும்பாலும் அதுலருந்துதான் வரணும். நரம்பு சொன்னதும் தசைக்குள்ள கால்சியம் பாயுது. அதுதான் தசையை இழுக்க வைக்குது. அதே கால்சியம்தான் சர்க்கரையை வெட்டிக் குடுக்கிற நொதியையும் எழுப்பி விடுது. இழுக்கிறவனையும் சாப்பாடு போடுறவனையும் ஒரே மணி அடிச்சு எழுப்புற மாதிரி. இவருக்கு அந்த வெட்டிக் குடுக்கிற நொதி பிறவிலயே இல்ல."

"சர்க்கரை இல்லையா?"

"சர்க்கரை நிறைய இருக்கு. நம்மைவிட அதிகமாவே இருக்கு. எடுக்க ஆள் இல்ல."

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப அந்தத் தையற்காரர் பீரோ மாதிரி. உள்ள பூராத் துணி, சாவி இல்ல."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. அதைத் தாம் முதலில் சொல்லவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தமாயிருந்திருக்கும். "தசை பிடிச்சு இழுக்க மட்டும் இல்ல, பிடிச்சதை விடறதுக்கும் சக்தி வேணும். அது தீர்ந்துபோனதாலதான் விரல் திறக்கல."

"பக்கத்து தசைகிட்டருந்து கொஞ்சம் வாங்கிக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"குடுக்காதும்மா. தசை சேர்த்து வச்ச சர்க்கரையை வெளிய விடாது, தன் வீட்டுக்குள்ளயே செலவழிச்சுக்கும். ஊருக்கெல்லாம் அனுப்புறது கல்லீரல்தான். அங்க வெட்டுற ஆளு வேற. அவன் இவருக்கு நல்லாவே இருக்கான்."

"தசை என் தம்பி மாதிரின்னு சொல்லுங்க" என்றார் மாமனார்.

டாக்டரம்மா மருமகனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. எப்பவுமே இப்படித்தானா? நல்லா வேலை செய்ற நேரம்னு ஒண்ணு உண்டா?"

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். அது அவனுடைய பெரிய குற்றமல்லவா. "ஏத்தும்போது வராதுங்க. இறக்கும்போது வந்துடும்" என்றான் மெல்ல.

"அது எப்படி? விவரமா சொல்லுங்க."

தலையணையில் தொடங்குவதையும், படியில் தயங்கி நிற்பதையும், அப்புறம் எங்கிருந்தோ வரும் மூச்சையும், டீயையும் அவன் சொன்னான். டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புத்தகத்தில் படித்தது லாரி ஏறி எதிரே வந்து உட்கார்ந்ததுபோல அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா. லேசா ஆரம்பிச்சு கொஞ்ச நேரம் போனா, தசைக்கு ரத்தம் கூடுது. அந்த ரத்தத்துல கல்லீரல் அனுப்புற சர்க்கரையும், கொழுப்பும் வந்து சேருது. வெளிய இருந்து சாப்பாடு வந்துட்டா, உள்ள இருக்கிற பீரோவைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. டீயில போட்ட சர்க்கரையும் கைகொடுக்குது. இவர் உடம்பு எந்த வரிசையில வேலை குடுத்தா நடக்கும்னு அதுவே கண்டுபிடிச்சு வச்சிருக்கு. உங்க லாரி அதைத் தலைகீழா குடுத்திருக்கு."

"கொழுப்புன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் மாமனார், விட்டுக்கொடுக்காமல்.

"இப்ப அதுதான் அவரைக் காப்பாத்துது. நீங்க ரொம்பத் திட்டுவீங்களாமே?"

மாமனார் மகளை முறைத்தார். மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"திட்டினா வேலை நடக்கும்ங்க. எல்லாருக்கும் நடக்குது."

"நடக்கும். திட்டு வாங்கினா படபடப்புல அட்ரினலின் சுரக்கும். அதுவும் போய் அந்த நொதியைத்தான் தட்டி எழுப்பும். மத்தவங்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் வேகமா வெட்டுப்படும். இவருக்கு எழுப்பறதுக்கே ஆள் இல்ல. அந்த விஷயத்துல, நீங்க இத்தனை வருஷம் திட்டினது வீண்."

நோயைக் கேட்டபோது அசையாத மாமனார், இதைக் கேட்டு ஆடிப்போனார். எவ்வளவு உழைப்பு. மழையில் நின்று திட்டியிருக்கிறார், காய்ச்சலோடு திட்டியிருக்கிறார், நாலு மாடிக்கும் எட்டும்படி தொண்டை கட்டத் திட்டியிருக்கிறார். எல்லாம் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியதாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

மருமகனுக்கோ வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தான் சோம்பேறி இல்லை என்பது அவனுக்கு இன்னும் பழகவில்லை. புதுச் செருப்பைப்போல அது அங்கங்கே கடித்தது. டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதும் கூடவே கடித்தது. பீரோ போன்றவை இனி எப்போதுமே கூடாது, மூச்சு வந்த பிறகும் கூடாது. காலையில் எடுத்தவுடன் கனம் கூடாது. மறுபடி அப்படிச் சிறுநீர் வந்தால் அன்றே ஓடிவர வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் அவனே பேச்சை எடுத்தான்.

"மாமா, நான் இனிமே லாரிக்கு வரல."

"ஏன்?"

"கனமானது முதல்லன்னா நான் எதுக்கு? சும்மா நின்னு சம்பளம் வாங்க முடியாது. அன்னைக்குச் சொன்ன மாதிரி நானே எங்கயாவது பாத்துக்கிறேன்."

மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் பார்வை அப்பாமேல் இருந்தது. இதற்குமுன் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கரண்டியை அவள் கீழே வைக்காததும் அவர் கண்ணில் பட்டது.

"நீ கீழ வச்சியா?" என்றார் மாமனார்.

"இல்ல."

"அப்ப எங்க போற? பந்தயத்துல ஜெயிச்சவன் போவானா?" சாப்பாட்டைப் பிசைந்தார். நிறுத்தினார். "நாளைக்கு அந்த வாத்தியாரம்மா வீடு. காலையிலயே வந்துடு. சர்க்கரை போட்டு ஒரு டீ குடிச்சுட்டு வா."

செய்தி அதற்குள் லாரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலையில் நெட்டையன் தோளைப் பிடித்தபடி வந்தான்.

"முதலாளி, எனக்கும் அந்த வெட்டுற ஆளு இல்லன்னு நெனைக்கிறேன். ராத்திரிலருந்து தோணிக்கிட்டே இருக்கு."

ஓட்டுநரும், தனக்குக் காலில் மட்டும் அந்த ஆள் இல்லை, அதுவும் ஆக்சிலேட்டர் மிதிக்கும் காலில் என்றார்.

மாமனார் இருவரையும் பார்த்தார். "உங்களுக்கு ஆளெல்லாம் இருக்கான். பீரோதான் காலி" என்றார்.

வாத்தியாரம்மாவின் வீடு நாலாவது மாடியில் இருந்தது. நெட்டையன் வழக்கப்படி ஃபிரிட்ஜை நோக்கி நடந்தான். மாமனார் அவனைத் தாண்டிப் போய், கட்டில்மேல் கிடந்த இரண்டு தலையணைகளை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார்.

"நீ முதல்ல போ. மெதுவா போ. கை இறுகுச்சுன்னா நில்லு. எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்பு."

"முதலாளி" என்றான் நெட்டையன், "கனமானது முதல்லன்னு..."

"லாரிக்குடா அது. படிக்கட்டுக்கு அப்படி ஒரு சட்டம் நான் எப்பச் சொன்னேன்?"

நெட்டையன் வாயைத் திறந்தான். சொன்ன நாட்களையெல்லாம் எண்ணத் தொடங்கினால் ஃபிரிட்ஜ் இறங்காது என்று மூடிக்கொண்டான்.

மருமகன் தலையணைகளோடு இறங்கி வந்தபோது, லாரியின் பக்கத்தில் நடைபாதையில் மாமனாரே தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார். தலையணை, விளக்குக் குடை, திரைச்சீலை மூட்டை என்று லேசானதெல்லாம் அதன்மேல் குவிந்து, லாரி ஏறும் முறைக்காகக் காத்திருந்தன. உள்ளே பீரோவும் ஃபிரிட்ஜும் கொள்கைப்படி முதலில் போய் நின்றன. மருமகன் இடையில் ஒருமுறை படியில் நின்று கையைத் தேய்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்த மூச்சு வந்தது. காலை வெளிச்சத்தில், ஏற்றும் வீட்டில், அவன் வாழ்நாளில் முதல்முறையாக வந்தது. நாற்காலிகள் இரண்டிரண்டாக இறங்கத் தொடங்கின.

வாத்தியாரம்மா தார்ப்பாயைப் பார்த்து நின்றார். "அது ஏன் அந்தத் தம்பி மட்டும் முதல்ல தலையணையா எடுத்துட்டு வந்தாரு?"

"அவரு உடம்புல சரக்கு ஜாஸ்தி, டீச்சர்" என்றார் மாமனார், பெருமை குறையாமல். "லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அப்படி அமையுமாம். எங்க வீட்டு மாப்பிள்ளை."

அதற்குள் மருமகன் படித் திருப்பத்தில் மேசையோடு கொஞ்சம் நின்றான். பழக்க தோஷம், மாமனாரின் கழுத்து நரம்பு புடைத்தது, நெஞ்சு விரிந்தது, "சாப்பிட்டதெல்லாம்..." என்று குரல் பாதி கிளம்பியே விட்டது. அங்கே எழுந்திருக்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு தூரம் கிளம்பி வந்ததை வீணாக்கவும் மனமில்லை. தலையைத் திருப்பினார். இன்னொரு விளக்குக் குடையைத் தூக்கிக்கொண்டு, நோயாளியைப்போல ஒவ்வொரு படியாக நெட்டையன் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

மீதியை அவனிடம் கொடுத்தார். விளக்குக் குடையைப் போட்டுவிட்டு அவன் மேலே மிச்சமிருந்த வாஷிங் மெஷினுக்கு, சோடா பாட்டில் மூடி கழன்ற வேகத்தில் ஓடியதைப் பார்க்க, இந்தத் தொழிலில் இன்னும் பலன் இருக்கிறது என்று மாமனாருக்கு நிம்மதியாக இருந்தது.